மழையில் திறந்த பூங்கா: மயிலாடுதுறையில் ஓர் ஆடிப்பெருக்கு

நான்கு வருடங்களாக இந்தப் பக்கத்தில் திருவிழாப் பயணம் எதையும் நான் எழுதவில்லை. அணை, மலை, பறவைகள் சரணாலயம், ஆள் நடமாட்டமில்லாத கடற்கரை என்றே போய்க்கொண்டிருந்தேன். "உங்களுக்குச் சாமி நம்பிக்கை போய்விட்டதா?" என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். நம்பிக்கை எங்கும் போகவில்லை. வேறொரு மாவட்டத்தில் ஒரு தேர்த்திருவிழாவில் நெரிசலில் மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. விலா எலும்பில் விரிசல், இரண்டு மாதம் படுக்கை. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஜவுளிக்கடையில் பத்துப் பேர் நெருக்கி நின்றால்கூட எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

இந்த மே மாதம் என் மகள் மதுவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை கார்த்திக்கு மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணம் ஆனவர்களுக்கு முதல் ஆடிப்பெருக்கு முக்கியம். கல்யாண மாலைகளைப் பத்திரமாக வைத்திருந்து அன்றைக்கு ஆற்றில் விட வேண்டும். தாலிக்குப் புது மஞ்சள் கயிறு மாற்ற வேண்டும். (ஆடிக்குப் பெண்ணை அழைத்து வரவில்லையா என்று யாரும் கேட்காதீர்கள். இருவருக்கும் தஞ்சாவூரில் வேலை. ஆடி மாதம் என்று விடுப்பு கொடுக்கிற அலுவலகம் இன்னும் திறக்கவில்லை.)

"அம்மா, உன்னால முடியலன்னா விட்ரு" என்று மது போனில் சொன்னாள். அன்று மாலையே டிக்கெட் போட்டேன். என் கணவருக்கு அலுவலகத்தில் தணிக்கை நேரம், தனியாகத்தான் கிளம்பினேன்.

தாம்பரத்திலிருந்து மயிலாடுதுறைக்கு ரயிலில் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். பகல் வண்டியில் இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு முன்பதிவோடு நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. ஜன்னலோரம் கிடைத்தால் சிதம்பரம் தாண்டி, கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது தூங்கிவிடாதீர்கள். அன்றைக்கு ஆறு கரை நிரம்பிப் போய்க்கொண்டிருந்தது. பாலம் முடிந்ததும் இரண்டு பக்கமும் குறுவைப் பயிர். சில வயல்களில் கதிர் வெளியே வந்து தலை சாய ஆரம்பித்திருந்தது.

ஜங்ஷனில் இறங்கிச் சம்பந்தி வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். ஒன்பது கிலோமீட்டர், இருநூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் நடுவயதுக்காரர், பேச்சுப் பிரியர்.

"ஆடிப்பெருக்குக்கா வந்திருக்கீங்க? எந்தப் படித்துறைக்குப் போறீங்க?"

"தெரியலைங்க. எங்க கூட்டம் கம்மியா இருக்கும்?"

அவர் சிரித்தார். "நல்லாக் கேட்டீங்க போங்க. துலாக் கட்டத்துல நாளைக்குக் கால் வைக்க எடம் இருக்காது. அதுக்குக் கிழக்க பூங்காவ ஒட்டி ஒரு சின்னப் படித்துறை இருக்கு, அங்க போங்க. ஆனா வண்டி உள்ள போவாது. பள்ளிக்கூட மைதானத்துலயே எறக்கி விட்ருவாங்க. அங்கேருந்து நடைதான்."

சம்பந்தியம்மா ராஜேஸ்வரி வாசலிலேயே காத்திருந்தார். கொல்லையில் நாற்று விடுவதிலிருந்து வங்கிக் கணக்கு வரை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் பெண்மணி. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கூட்டம்னா உங்களுக்கு ஆவாதுன்னு மது சொல்லுச்சு. காலையில போனா ரொம்ப இருக்கும். நாம சாப்ட்டுட்டு மூணு மணிக்கு மேல போவோம், அப்ப கொறஞ்சிரும். அப்பயும் உங்களுக்கு மனசு வரலன்னா வீட்லயே இருங்க. நாங்க போயிட்டு வந்துர்றோம். யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

தஞ்சாவூரிலிருந்து முன்னமே வந்துவிட்ட மது காப்பரிசிக்கு வெல்லம் உடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஆனால் உடைக்கிற சத்தம் நின்றுவிட்டது.

"நான் வர்றேன்" என்றேன். வெல்லம் உடைபடும் சத்தம் மறுபடி கேட்டது.

மறுநாள் மூன்றரை மணிக்குப் பள்ளி மைதானத்தில் சம்பந்தி வீட்டுக் காரை விட்டோம். காருக்கு முப்பது ரூபாய், இருசக்கர வண்டிக்குப் பத்து. வரிசை வரிசையாகச் சுண்ணாம்புக் கோடு போட்டு, எந்த வண்டியும் எந்த வண்டியையும் மறிக்காதபடி நிறுத்தவைத்திருந்தார்கள். அங்கிருந்து படித்துறை எழுநூறு மீட்டர். போவதற்கு ஒரு தெரு, வருவதற்கு இன்னொரு தெரு. நடுவில் குறுக்கே போக முடியாதபடி சவுக்குக் கட்டைத் தடுப்பு. குடிதண்ணீர்த் தொட்டி இரண்டு இடத்தில். பெண்கள் உடை மாற்றத் தகரத் தடுப்பு, அதற்குள் தாழ்ப்பாள் இருந்தது. எத்தனையோ ஊரில் தாழ்ப்பாள் இல்லாத தடுப்பைப் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

தெருவின் கடைசிப் பகுதியில் இடது பக்கம் நெடுக நகராட்சிப் பூங்கா. உள்ளே புல்தரை, நடைபாதை, நிழல் விரித்த புங்க மரங்கள், வெட்டிவிட்ட செடி வரிசை. ஆள் யாரும் இல்லை. வெளியே இத்தனை ஜனம் வெயிலில் நடக்க, உள்ளே அவ்வளவு நிழலைப் பூட்டி வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஓர் எரிச்சல். வலது பக்கம் மதில். மதிலை ஒட்டி வளையல் கடை, பலூன், மாங்காய்ப் பத்தை. அதனால் தெரு அங்கே குறுகிவிடுகிறது. நான் பூங்காக் கம்பியைப் பிடித்தபடியே நடந்தேன். ஒரு பக்கமாவது ஆள் இடிக்காமல் இருக்கும் என்பதுதான் காரணம்.

சம்பந்தியம்மா சொன்னபடி கூட்டம் குறைவாகத்தான் இருந்தது. ஆறுதான் பயமுறுத்தியது. செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. மேல் ஐந்து படிகளுக்குக் கீழே யாரும் இறங்க முடியாதபடி கயிறு கட்டியிருந்தார்கள். தீயணைப்புத் துறையின் ரப்பர் படகு பக்கத்தில் நின்றது. குளிக்க விரும்புகிறவர்களுக்குக் குழாய் போட்டு, மேலிருந்து தண்ணீர் பூவாகக் கொட்டும்படி செய்திருந்தார்கள்.

மது பையிலிருந்து கல்யாண மாலைகளை எடுத்தாள். படியோரம் பெரிய தொட்டி வைத்துக்கொண்டு நின்ற பெண் தூய்மைப் பணியாளர் சத்தம் போட்டார். "பூவ மட்டும் ஆத்துல விடுங்கம்மா. நாரு, நூலு, ஜிகினா எல்லாம் இந்தத் தொட்டில."

கார்த்தி மாலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஜிகினாதாங்க பாதி."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. உக்காந்து பிரிங்க."

புது மாப்பிள்ளையும் பெண்ணும் படியில் உட்கார்ந்து காய்ந்த ரோஜாவை உதிர்த்தார்கள். கடைசியில் காவேரிக்குப் போனது இரண்டு கைப்பிடி இதழ். தொட்டிக்குப் போனதுதான் அதிகம். ஆனாலும் மது கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில் எனக்கு உள்ளங்கை வேர்க்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

மேற்கே வானம் கறுத்திருந்தது. "படையலும் கயிறும் மேல போய் ஒரு எடமாப் பாத்து வச்சுக்குவோம்" என்றார் சம்பந்தியம்மா. அதற்குள் முளைப்பாரி எடுத்த பெண்கள் வந்துவிட்டார்கள். மாலையில் மூன்று நான்கு தெருக்களிலிருந்து முளைப்பாரி ஒன்றாக வரும் என்பது வெளியூர்க்காரியான எனக்குத் தெரியாது. தலையில் சட்டிகளோடு நூற்றுக்கணக்கான பெண்கள், பின்னால் மேளம், குழந்தைகள். படையலுக்கு இடம் தேடி, முதலில் வந்த தெருவின் முனைக்கே நாங்கள் ஆற்றிலிருந்து ஏறவும், அவர்கள் அந்தக் குறுகலான இடத்துக்குள் நுழையவும் சரியாக இருந்தது. அப்போது காற்று வந்தது. அதன் பின்னாலேயே மழை.

தூறல் என்று தொடங்கவே இல்லை. எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. படியில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மேலே ஓடிவந்தார்கள். முன்னால் முளைப்பாரிக் கூட்டம் நிற்கிறது, சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்ப முடியவில்லை. வளையல் கடைத் தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்க ஒரு கூட்டம் மதில் பக்கம் தள்ளியது. நான்கைந்து மூச்சுக்குள் என் இரண்டு கையும் உடம்போடு ஒட்டிக்கொண்டன. முன்னால் நின்ற பெண்ணின் ஈரமான முதுகு என் நெஞ்சில் அழுந்தியது. கால் தரையில் இருந்தது, ஆனால் நான் நிற்கவில்லை, கூட்டம்தான் என்னை நிறுத்தியிருந்தது.

மதுவின் கையைப் பிடித்திருந்தேன். அது நழுவியது. "அம்மா" என்று ஒரு முறை கேட்டது. அப்புறம் மழைச் சத்தம்தான்.

எனக்குத் தெரியும், இதற்கு அடுத்து என்ன வரும் என்று. முதலில் கத்துவார்கள். பிறகு கத்த மூச்சு இருக்காது. எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் கைக்குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள்.

அப்போது மைக்கில் ஒரு பெண் குரல் வந்தது. கத்தல் இல்லை, அவசரம் இல்லை. பேருந்தில் அடுத்த நிறுத்தத்தைச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

"யாரும் முன்னால தள்ளாதீங்க. மழை பெய்யுது, நனைஞ்சா ஒண்ணும் ஆவாது. முளைப்பாரிக்காரங்க அங்கேயே நில்லுங்க. பூங்கா கம்பி பக்கத்துல நிக்கிறவங்க கம்பிய விட்டு ஒரு அடி தள்ளி நில்லுங்க. கம்பியத் தொறக்கறோம். கம்பியத் தொறக்கறோம். எல்லாரும் அப்படியே பூங்காவுக்குள்ள போங்க."

நான் பிடித்துக்கொண்டு நடந்த அந்தக் கம்பி வேலி, ஒரே வேலி இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இடைவெளி விட்டு இடைவெளி விட்டுச் சங்கிலி போட்ட கதவுகளாகச் செய்திருக்கிறார்கள். உள்ளே பச்சைச் சட்டைப் பணியாளர்கள் ஓடி வந்து சங்கிலியைக் கழற்றி, ஒவ்வொரு கதவாக உள்பக்கம் இழுத்தார்கள். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. தெருவின் அந்தப் பக்கமே இல்லாமல் போய்விட்டது.

கூட்டம் பக்கவாட்டில் சரிந்தது. முதலில் என் ஒரு தோள் விடுபட்டது. பிறகு நெஞ்சு. நான் ஒரு முழு மூச்சு இழுத்தேன். மழைத்தண்ணீரும் சேர்ந்து உள்ளே போனது, இருமினேன். இரண்டடி வைத்ததும் காலுக்குக் கீழே புல். எனக்கும் பக்கத்தில் இருந்தவருக்கும் நடுவில் வெறும் இடம். அந்த வெறும் இடத்தைப் பார்த்து நான் அழுதேன். குழந்தையைத் தூக்கிப் பிடித்திருந்த பெண் பூச்செடி நடுவில் உட்கார்ந்து அதற்குப் பால் கொடுக்க ஆரம்பித்திருந்தாள்.

மைக் விடவில்லை. "லைட்டுக்கு கரண்ட நிறுத்தியாச்சு, பயப்படாதீங்க. அதுக்காகக் கம்பத்தப் புடிச்சுட்டு நிக்காதீங்க. ஆள் தவறிப்போனவங்க ஊஞ்சல் இருக்கற எடத்துக்கு வாங்க. ஊஞ்சல்கிட்ட வாங்க."

ஊஞ்சல் பூங்காவின் மறுகோடியில் இருந்தது. சேறும் புல்லும் வழுக்க நான் ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும், இந்த வயதில். அங்கே கார்த்தி நின்றார், கண்ணாடி இல்லாமல். "அத்தை!" என்று என் கையைப் பிடித்தார். "மது?" என்றேன். அவருக்கும் தெரியவில்லை. சம்பந்தியம்மா வந்தார், புடவைத் தலைப்பு கிழிந்து, கூடையை மட்டும் விடாமல். நாங்கள் மூன்று பேரும் வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். எனக்கு அது தெரியாது.

மது வந்தாள். ஒரு முளைப்பாரிப் பாட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அந்த அம்மாவின் சட்டியைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, மெதுவாக நடந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் உதடு கோணியது.

"உனக்கு ஒண்ணும் ஆவலயே? உன்ன நெனச்சுத்தாம்மா பயந்தேன்."

"நான் உன்ன நெனச்சேன்டி."

சம்பந்தியம்மா எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். அவர் மடியில் முடிந்து வைத்திருந்த மஞ்சள் கயிற்றுப் பொட்டலம் நனையவில்லை. பிளாஸ்டிக் உறையில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்தார்.

மழை வந்த வேகத்தில் நின்றது. யாரும் உடனே கிளம்பவில்லை. புங்க மரத்தடியிலும் சிமெண்ட் பெஞ்சிலும் குடும்பம் குடும்பமாக இலை விரித்தார்கள். நாங்களும் ஒரு பெஞ்சில் படையல் போட்டோம். காப்பரிசி நனைந்து கூழாகியிருந்தது. விளாம்பழமும் பேரிக்காயும் தப்பித்திருந்தன. சம்பந்தியம்மா கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீங்க மாத்தி விடுங்க. நீங்க வந்ததுக்கு."

மதுவின் கழுத்தில் நான் முடிச்சுப் போட்டேன். பக்கத்துப் பெஞ்சில் யாரென்று தெரியாத பெண்கள் குலவை போட்டார்கள். பதிலுக்கு நாங்கள் புளியோதரை கொடுத்தோம். முளைப்பாரிப் பெண்களை நான்கு நான்கு பேராகப் படித்துறைக்கு அனுப்பி, கரைக்கவிட்டு, மறு தெரு வழியாக வெளியே அனுப்பினார்கள்.

மைக் குரலுக்குச் சொந்தக்காரரைப் போய்ப் பார்த்தேன். நகராட்சியின் சுகாதார ஆய்வாளர், பெயர் செல்வராணி. முப்பத்தைந்து வயது இருக்கலாம். தொண்டை கட்டிப்போய் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்லப் போனவள், "ஏன் முதல்லயே திறந்து வைக்கல?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "முதல்லயே தொறந்தா அதுவும் ரொம்பிருங்கக்கா. அப்புறம் அவசரத்துக்கு எங்க அனுப்புறது? காலியா ஒரு எடம் கையில இருக்கணும். இதுக்கு ரெண்டு மாசமாப் பேசி, கதவு வச்சோம். இன்னைக்கு அது வேண்டியிருக்கக் கூடாதுன்னுதான் காலையிலேருந்து வேண்டிக்கிட்டிருந்தேன்." சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்கும் பயமாகத்தான் இருந்திருக்கிறது.

மொத்தப் பாதிப்பு இவ்வளவுதான்: சிராய்ப்பு, கால் சுளுக்கு, ஒருவருக்கு மயக்கம். ஆம்புலன்ஸில் போனவரும் இரவே வீடு திரும்பிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் மதுவும் கார்த்தியும் தஞ்சாவூருக்கு முதல் பேருந்தைப் பிடித்தார்கள். எனக்குப் பத்து மணிக்கு மேல்தான் ரயில். ஆட்டோவைப் பூங்கா வழியாக விடச் சொன்னேன். காலை வெளிச்சத்தில் பார்த்தபோது மனசு கஷ்டப்பட்டது. புல்தரை முழுக்க உழுத வயல் மாதிரி. செடி வரிசை மட்டமாகிக் கிடந்தது. ஜோடி இல்லாத செருப்புகள் ஒரு குவியல். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர் ஒருவர் செல்வராணியிடம் பேசிக்கொண்டிருந்தார். வெள்ளை டீ-ஷர்ட், கையில் குடை. சத்தம் போடவில்லை.

"அந்தப் பவளமல்லி நாலும் நான் வச்சதும்மா. மூணு வருஷம் தண்ணி ஊத்தினேன்."

"தெரியும் சார். நீங்க ஊத்துறத நானே பாத்திருக்கேன். புதுசா வச்சுத் தர்றோம்."

"புல்லு?"

"புல்லு வந்துரும் சார்."

"வந்துரும், வந்துரும். பெருசா ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆவலயே?" என்றார்.

"ஆவல சார்."

குடையைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு செடியை நிமிர்த்தப் போனார்.

போக நினைப்பவர்களுக்கு: ஆடிப்பெருக்கு அன்று ஊருக்குள் கார் எடுத்துப் போகாதீர்கள். ஜங்ஷனிலிருந்து ஊருக்குள் ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய் வரை ஆகும். பள்ளி மைதானம் வரைதான் போகும். கூட்டம் குறைவாக வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடுங்கள். மாலையில் முளைப்பாரி வரும் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள், என்னைப் போல ஏமாறாதீர்கள். மாலையை வீட்டிலேயே பிரித்துப் பூவை மட்டும் எடுத்துப் போனால் படியில் உட்கார்ந்து ஜிகினா உதிர்க்க வேண்டாம். கயிற்றைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். கூட்டத்தில் பிரிந்தால் எங்கே சேர்வது என்று குடும்பத்தில் எல்லோரும் முன்கூட்டியே பேசி வையுங்கள். போன் அன்றைக்கு யாருக்கும் எடுக்கவில்லை. தெரு குறுகுகிற இடத்தில் படம் எடுக்க நிற்காதீர்கள்.

கூட்டத்துக்குப் பயப்படுகிறவர்கள் எனக்குத் தனியாக எழுதுகிறீர்கள். போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள் என்றும் சொல்லமாட்டேன். அந்தப் பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டே இந்த மாதம் இரண்டு ஊர்களுக்குப் போய்வந்தேன். ஊருக்குள் நுழைந்ததும் கோபுரத்தைத் தேடும் முன்பே நான் பார்ப்பது ஒன்றுதான்: இங்கே காலியான இடம் எங்கே இருக்கிறது, அதன் சாவி யார் கையில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு நிம்மதியாகச் சாமி கும்பிடுகிறேன்.